காது அக்குபங்சரும் உடல் அக்குபங்சரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டும் ஒரே மருத்துவம்தானே? காதில் குத்துவது உடலில் குத்துவதன் சுருக்கமான வடிவம் என்று சொல்கிறார்களே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அது சரியல்ல. ஊசி என்ற கருவியும் சில சொற்களும் இரண்டுக்கும் பொதுவானவை. பிறந்த இடமும் காலமும் அடிப்படைக் கருத்தும் வேறு வேறு.

உடல் அக்குபங்சர், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்' போன்ற சீன நூல்களில் வேர் கொண்டது. உடலில் 'ச்சீ' என்னும் உயிர்ச்சக்தி நாளங்கள் வழியே ஓடுகிறது என்றும், அந்த ஓட்டம் தடைபடும் இடத்தில் நோய் தோன்றுகிறது என்றும், நாளங்களின் மேல் உள்ள புள்ளிகளைத் தூண்டி ஓட்டத்தைச் சீராக்கலாம் என்றும் அது கருதுகிறது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பெயர்ப்பட்டியலில் 14 நாளங்களும் 361 புள்ளிகளும் இடம்பெற்றுள்ளன.

காது அக்குபங்சர் இன்றுள்ள வடிவத்தில் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில், 1950-களில் தோன்றியது. போல் நோஜியே என்ற மருத்துவர், தம்மிடம் வந்த சில நோயாளிகளின் காது மடலில் ஒரே இடத்தில் சிறு தீத்தழும்பு இருப்பதைக் கவனித்தார். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்காக ஒரு நாட்டு வைத்தியப் பெண்மணி அங்கே சூடு வைத்ததாகவும், வலி குறைந்ததாகவும் அவர்கள் கூறினர். இடுப்பு வலிக்குரிய இடம் காதில் அது என்றால், முதுகெலும்பின் மற்றப் பகுதிகளுக்குரிய இடங்களும் அருகிலேயே வரிசையாக இருக்க வேண்டும் என்று நோஜியே ஊகித்தார். அந்த ஊகம், கருப்பையில் தலைகீழாகச் சுருண்டு கிடக்கும் சிசுவின் உருவம் காது மடலில் பதிந்திருப்பது போன்ற ஒரு வரைபடமாக வளர்ந்தது. 1956-இல் அதை அவர் மார்செய்யில் நடந்த அக்குபங்சர் மாநாட்டில் முன்வைத்தார். ஜெர்மன் மொழி வழியாகப் பரவிய அந்த வரைபடம் 1958-இல் சீனாவை எட்டியது. சீனர்கள் அதைச் சோதித்தும் திருத்தியும் தங்கள் புள்ளிகளைச் சேர்த்தும் தமதாக்கிக்கொண்டனர்.

ஆகவே 'ஐயாயிரம் ஆண்டுப் பழமையான சீனக் காது மருத்துவம்' என்று விளம்பரத்தில் படித்தால், அந்த இடத்தில் சற்று நிதானிப்பது நல்லது. இன்று பயன்படும் காது வரைபடத்தின் வயது நம் வீட்டுப் பெரியவர்களின் வயதுக்கு மேல் போகாது.

அப்படியானால் பழைய சீன நூல்கள் காதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையா?

சொல்லியிருக்கின்றன. நாளங்கள் பல காதில் வந்து கூடுகின்றன என்ற குறிப்பும், காதைத் தேய்த்தும் குத்தியும் செய்யும் சில சிகிச்சைகளும் பழைய நூல்களில் ஆங்காங்கே உண்டு. ஐரோப்பாவிலும் பல் வலிக்கும் சயாட்டிகாவுக்கும் காதில் சூடு வைக்கும் வழக்கம் நோஜியேவுக்கு முன்பே இருந்தது. ஆனால் உடல் முழுவதையும் காதில் இடம்பிரித்துக் காட்டும் வரைபடம் அவற்றில் எங்கும் இல்லை. சிதறிக் கிடந்த கைமுறைகளிலிருந்து ஒரு ஒழுங்கை வரைந்து கொடுத்தது நோஜியேதான்.

புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் விதம் எப்படி வேறுபடுகிறது?

உடல் அக்குபங்சரில் மருத்துவர் முதலில் நாடி பார்க்கிறார். இரு மணிக்கட்டுகளிலும் மூன்று மூன்று விரல்களை வைத்து மேலோட்டமாகவும் அழுத்தியும் உணர்கிறார், நாக்கின் நிறத்தையும் படிவையும் பார்க்கிறார், தூக்கம், பசி, மலம், வியர்வை, மாதவிடாய் என்று கேட்கிறார். ஒரே தலைவலிக்கு இருவருக்கு இரு வேறு புள்ளிகள் அமையக் காரணம் இதுதான். தலைவலிக்குப் பாதத்தில் ஊசி போடுவதும், பல் வலிக்குக் கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட 'பெருங்குடல் 4' (பெருங்குடல் நாளத்தின் நான்காவது) புள்ளியில் ஊசி போடுவதும் நாளம் ஓடும் வழியை வைத்துத்தான்.

காது அக்குபங்சரில் நாடிக்கு இடம் குறைவு. மருத்துவர் முதலில் காதைக் கண்ணால் பார்க்கிறார்: சிவப்பு, செதில், சிறு மேடு, மெல்லிய இரத்த நாளம் என எதுவானாலும் குறித்துக்கொள்கிறார். பிறகு முனை மழுங்கிய சிறு உலோகக் குச்சியால், ஒரே அளவு அழுத்தத்தில், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மடலை அழுத்திக்கொண்டே போகிறார். பத்து இடங்களில் 'அழுத்துகிறது' என்று மட்டும் சொன்ன நோயாளி, பதினோராவது இடத்தில் முகத்தைச் சுளித்துத் தலையை இழுத்துக்கொள்வார். அந்த இடத்தில் நகம் பதிந்தது போன்ற ஒரு குறி வைத்து, அங்கேதான் ஊசி போடுவார். வரைபடம் வட்டாரத்தைச் சொல்கிறது, நோயாளியின் சுளிப்பு வீட்டு எண்ணைச் சொல்கிறது. சிலர் குச்சிக்குப் பதிலாகத் தோலின் மின்தடையை அளக்கும் சிறு கருவியைப் பயன்படுத்துகிறார்கள். வியர்வையும் அழுத்தமும் அதன் அளவை எளிதில் மாற்றிவிடுவதால், கருவி பீப் ஒலி எழுப்பியது என்பதற்காக மட்டும் ஒரு புள்ளியை நம்புவது சரியல்ல.

காதின் எந்தப் பகுதி உடலின் எந்தப் பகுதிக்குரியது?

தலைகீழ்ச் சிசுவை மனத்தில் வைத்துக்கொண்டால் எளிது. கம்மல் அணியும் சோணை தலை, முகம், கண், தாடை ஆகியவற்றுக்குரியது. வெளி விளிம்புக்கு உட்புறம் வில் போல் எழும் மேடு முதுகெலும்பு: கீழே கழுத்து, மேலே இடுப்பு. காதுத் துளையை ஒட்டிய கிண்ணக் குழியின் கீழ்ப்பாதி நெஞ்சு உறுப்புகளுக்கும், மேற்பாதி வயிற்று உறுப்புகளுக்கும் உரியவை. வெளி விளிம்பை ஒட்டிய நீண்ட பள்ளம் தோளும் கையும். மேலே முக்கோண வடிவப் பள்ளத்தில் 'ஷென்மென்' என்ற புகழ்பெற்ற புள்ளி இருக்கிறது. வலி, பதற்றம், தூக்கமின்மை என்று எது வந்தாலும் பெரும்பாலானோர் முதலில் தொடுவது இதைத்தான்.

எல்லாக் காது வரைபடங்களும் ஒன்றுபோல் இருக்கின்றனவா?

இல்லை, இதைக் காது அக்குபங்சரின் பெரிய பலவீனமாகவே கருத வேண்டும். பிரெஞ்சு வரைபடமும் சீன வரைபடமும் முதுகெலும்பு, தலை போன்றவற்றில் பெருமளவு ஒத்துப்போகின்றன. முழங்காலையும் சிறுநீரகத்தையும் இரண்டும் வேறு வேறு இடங்களில் காட்டுகின்றன. 1990-இல் உலக சுகாதார நிறுவனம் லியோனில் கூட்டிய கூட்டத்தில் 39 காதுப் புள்ளிகளின் பெயர்கள் மீது உடன்பாடு ஏற்பட்டது. சீனாவின் 2008-ஆம் ஆண்டுத் தேசியத் தரநிலையோ 93 இடங்களைக் குறிக்கிறது. உடல் அக்குபங்சரிலும் புள்ளியின் துல்லியமான இடம் குறித்துச் சண்டை உண்டு, ஆனால் அது ஒரு விரற்கடை அளவிலான சண்டை. காதில் ஒரு விரற்கடை நகர்ந்தால் கழுத்திலிருந்து இடுப்புக்குப் போய்விடுவோம்.

காதில் குத்தினால் இடுப்பிலோ முழங்காலிலோ வலி குறைய உடற்கூற்று முறையில் காரணம் உண்டா?

ஓரளவு உண்டு. காது மடல் அளவில் சிறியது என்றாலும் அதற்கு வரும் நரம்புகள் பல. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் பெருங்காது நரம்பு, முகத்தின் உணர்வு நரம்பான டிரைஜெமினலின் ஒரு கிளை, வேகஸ் நரம்பின் காதுக்கிளை ஆகிய மூன்றும் இங்கே சந்திக்கின்றன. வேகஸ் என்பது மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை செல்லும் நீண்ட நரம்பு. உடலின் வெளித்தோலில் அது எட்டிப் பார்க்கும் இடம் காது மட்டுமே. காது குடையும்போது சிலருக்குத் தொண்டையில் ஏதோ உறுத்தி இருமல் வருகிறதல்லவா, அந்த இருமலுக்குக் காரணம் இந்தக் கிளைதான். கிண்ணக் குழியின் மேற்பாதியில் இந்த நரம்பின் பங்கு மிகுதி என்பதைப் பிரேத ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த இடத்தில் மின்தூண்டல் கொடுத்து வலிப்பு நோய் முதலியவற்றுக்குப் பயன்படுத்தும் கருவிகள் பற்றிய ஆராய்ச்சி தனியே வளர்ந்து வருகிறது.

ஆனால் இங்கே ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். காதைத் தூண்டினால் மூளைத்தண்டு வழியாக வலியுணர்வும் இதயத் துடிப்பும் மன அமைதியும் மாறக்கூடும் என்பது வேறு. காதின் இந்த மில்லிமீட்டர் கல்லீரலுக்கு, அடுத்த மில்லிமீட்டர் மண்ணீரலுக்கு என்பது வேறு. முதலாவதற்கு நரம்பியல் ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது இன்னும் பெரும்பாலும் நம்பிக்கைதான். உடல் அக்குபங்சரின் நிலையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை: ஊசி நரம்பு முனைகளைத் தூண்டி, எண்டார்ஃபின் போன்ற வலிதணிப்பான்களை உடலே சுரக்கச் செய்கிறது என்பதற்குச் சான்று உண்டு. நாளம் என்ற அமைப்பை உடலை அறுத்துப் பார்த்துக் காட்டியவர் யாருமில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட ஆய்வு ஏதேனும் உண்டா?

உண்டு. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் நடத்தி, 2021-இல் வெளியான ஆய்வு அது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் நெடுநாள் தசை, எலும்பு வலியோடு இருந்த 360 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு உடலில் ஊசி போட்டு அதன் வழியே மென்மின்சாரம் செலுத்தும் மின் அக்குபங்சர், இன்னொன்றுக்குக் காதில் 'போர்க்கள அக்குபங்சர்', மூன்றாவதற்கு வழக்கமான சிகிச்சை.

போர்க்கள அக்குபங்சர் என்பது அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்ட்ஸோ 2001-இல் வகுத்த முறை. ஒவ்வொரு காதிலும் ஐந்து இடங்களில், அம்பு முனை போன்ற சிறு பொன்முலாம் ஊசிகளைப் பதிக்கிறார்கள். ஓர் ஊசியைப் பதித்ததும் நோயாளியை எழுந்து சற்று நடக்கச் சொல்லி, 'இப்போது வலி பத்துக்கு எத்தனை?' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பதிப்பார்கள். ஊசிகள் சில நாள் காதிலேயே இருந்து தாமாக உதிரும்.

பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட, பத்துப் புள்ளி அளவுகோலில் மின் அக்குபங்சர் பெற்றவர்களின் வலி 1.9 புள்ளியும், காது அக்குபங்சர் பெற்றவர்களின் வலி 1.6 புள்ளியும் கூடுதலாகக் குறைந்திருந்தன. இரண்டும் பயன் தந்தன. ஆயினும் 'காது முறை உடல் முறைக்குக் குறைந்ததல்ல' என்று நிறுவ ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த அளவை காது முறை எட்டவில்லை. இதைவிட முக்கியமாக நான் கருதுவது இன்னொரு செய்தி: பக்கவிளைவு காரணமாகச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் காதுப் பிரிவில் 143 பேரில் 15 பேர், உடல் பிரிவில் 145 பேரில் ஒருவர் மட்டுமே. காது வலியைப் பொறுக்க முடியாமையே பெரும்பாலும் காரணம்.

இந்த ஆய்வில், சிகிச்சை போல் தோன்ற மட்டும் செய்யும் போலி ஊசிப் பிரிவு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனவே கவனிப்பும் எதிர்பார்ப்பும் தந்த பயன் எவ்வளவு, ஊசி தந்த பயன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இதனால் முடியாது.

தனித்தனியாகப் பார்த்தால் எதற்கு ஆதாரம் அதிகம்?

உடல் அக்குபங்சருக்குத்தான் ஆய்வுகள் எண்ணிக்கையிலும் தரத்திலும் மிகுதி. நெடுநாள் வலி குறித்த 39 ஆய்வுகளிலிருந்து 20,827 நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு, முதுகு, கழுத்து, தோள், முழங்கால் தேய்மான வலிகளிலும் நெடுநாள் தலைவலியிலும் அக்குபங்சர் போலி ஊசியை விடச் சற்றும், சிகிச்சையே இல்லாமையை விடக் கணிசமாகவும் மேலானது என்று கண்டது. 'சற்றும்' என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த முடிவை மேற்கோள் காட்டுபவர்கள் நிறைய. ஜெர்மனியில் இடுப்பு வலி உள்ள 1,162 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் தேறியவர்கள் உண்மையான அக்குபங்சரில் 47.6 விழுக்காடு, புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி முறையில் 44.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காடு. அக்குபங்சரை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இதே மூன்று எண்களைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்புறமுள்ள 'பெரிகார்டியம் 6' புள்ளியைத் தூண்டுவது பயன் தருகிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு.

காது முறையில் அறுவைக்கு முந்தைய பதற்றம், அறுவைக்குப் பிந்தைய வலி போன்ற குறுகிய காலத் தேவைகளுக்குச் சிறு ஆய்வுகள் சாதகமாக உள்ளன. நெடுநாள் வலியில் 1984-இல் வெளியான ஒரு கட்டுப்பாட்டு ஆய்வு காதுத் தூண்டலால் பயனில்லை என்று கண்டது. உடல் எடை குறைப்புக்காகக் காதுப் புள்ளிகளின் மேல் சிறு விதையை ஒட்டி அழுத்துவது பெரிதாக விளம்பரமாகிறது. அதை மட்டும் நம்பிப் பணம் செலவிட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

போதைப் பழக்கத்திலிருந்து விடுபடக் காது அக்குபங்சர் உதவும் என்கிறார்களே?

இது காது முறைக்கே உரிய களம். ஹாங்காங்கின் குவாங் வா மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவர் எச். எல். வென், 1972-இல், அறுவைக்காக மின் அக்குபங்சர் கொடுத்தபோது ஓபியம் பழக்கமுள்ள நோயாளிக்கு அப்பழக்கத்தை விடும்போது வரும் நடுக்கமும் வேதனையும் தணிவதைக் கவனித்தார். அந்தச் செய்தி நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸில் உள்ள லிங்கன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மனநல மருத்துவர் மைக்கேல் ஸ்மித்தும் உடனிருந்தவர்களும் மின்சாரத்தை விட்டுவிட்டு, ஷென்மென், சிம்பதெடிக், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் ஆகிய ஐந்து காதுப் புள்ளிகளைக் கொண்ட எளிய முறையை உருவாக்கினர். 1985-இல் தேசிய போதைநீக்க அக்குபங்சர் சங்கமான 'நாடா' அமைந்தது. ஓர் அறையில் பலர் நாற்காலிகளில் பேசாமல் அரை மணி முதல் முக்கால் மணி வரை காதில் ஊசியோடு அமர்ந்திருப்பது இம்முறை. சட்டையைக் கழற்றவோ படுக்கவோ தேவையில்லை, தம் கதையைச் சொல்லவும் தேவையில்லை. ஒரு வார்த்தை பேச விருப்பமில்லாமல் முதல் நாள் வரும் நோயாளிக்கு இது பெரிய ஆறுதல், உடல் முறையால் இதைத் தர முடியாது.

ஆனால் பலன்? 2002-இல் கொக்கைன் பழக்கமுள்ள 620 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு, உண்மையான காதுப் புள்ளிகள் போலிப் புள்ளிகளையோ ஓய்வுப் பயிற்சியையோ விட மேலாக எதையும் சாதிக்கவில்லை என்று காட்டியது. ஆலோசனை, மருந்து, குடும்ப ஆதரவு ஆகியவற்றோடு சேர்ந்த துணையாக, நோயாளியைச் சிகிச்சைக்கு மீண்டும் வரவைக்கும் ஏற்பாடாக இதைப் பார்ப்பதே நியாயம். குடியை நிறுத்தும்போது வலிப்பும் பிதற்றலும் வரும் அபாயம் உள்ளவரைக் காது ஊசியை நம்பி வீட்டில் வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

எது அதிகம் வலிக்கும்?

காதுதான். உடல் ஊசி மிக மெல்லியது, பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். நுழையும்போது எறும்பு கடித்தது போல் இருக்கும். பிறகு உள்ளே ஒரு கனமும் இழுப்பும் மரமரப்பும் பரவும். சீன மருத்துவர்கள் அதையே 'சக்தி வந்து சேர்ந்தது' என்று கொள்கிறார்கள். காதில் ஊசி இன்னும் சிறியது என்றாலும், தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சதையில்லாததால் சுரீரென்று குத்தும், சில நிமிடங்களில் காது சிவந்து சூடாகும். சோணையில் வலி குறைவு, மேலே போகப் போக அதிகம்.

காதில் ஒட்டும் விதையும் பொத்தான் ஊசியும் என்ன?

விதை என்பது பெரும்பாலும் வக்காரியா என்ற செடியின் கடுகளவு கருப்பு விதை. சிறு சதுரப் பிளாஸ்திரியில் வைத்துப் புள்ளியின் மேல் ஒட்டுவார்கள். நோயாளியே நாளுக்குச் சில முறை விரலால் அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து நாளில் எடுத்துவிட்டு, காதுக்கு ஓய்வு கொடுத்து, மறு காதில் ஒட்டுவது வழக்கம். பொத்தான் ஊசி என்பது தலை தட்டையான, ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசி. அதுவும் சில நாள் காதிலேயே இருக்கும். நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் பொத்தான் ஊசியை நாள்கணக்கில் வைத்திருப்பதை விட விதையே பாதுகாப்பானது. குழந்தைகளுக்கும் ஊசிக்கு அஞ்சுபவர்களுக்கும் விதைதான் பொருத்தம். உடல் முறையில் இதற்கு இணையாக, சிகிச்சையை வீட்டுக்கே எடுத்துச் செல்லும் வசதி குறைவு.

எது பாதுகாப்பானது?

அபாயத்தின் வகை வேறு. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 8.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பாதிப்பு இருந்தது. அவற்றில் மிகுதியானவை சிறு இரத்தக்கசிவும் கன்றலும் வலியுமே. இருவருக்கு நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தது. தோள்மேடு, மேல்முதுகு, மார்பு ஆகிய இடங்களில் ஊசி ஆழமாகப் போனால் நேரக்கூடியது அது. காது முறையில் இந்த ஆபத்துக்கு வாய்ப்பே இல்லை.

காதின் ஆபத்து தொற்று. குருத்தெலும்புக்குத் தனி இரத்த ஓட்டம் இல்லை, மேலுறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம். அந்த உறையில் சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிரி புகுந்தால் மடல் முழுதும் சிவந்து, வீங்கி, தொட முடியாதபடி வலிக்கும். தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து காதின் வடிவமே மாறிவிடும். ஊசி போட்ட இடத்தில் இரண்டாம் மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதில் கூடினால், மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

இரு முறைகளிலும் உங்கள் கண்ணெதிரே உறை பிரித்து எடுக்கப்படும் ஒருமுறை ஊசியைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது. முதல் அமர்வில் சிலருக்கு மயக்கம் வரும் என்பதால், காதில் மட்டும் ஊசி போடுவதானாலும் சாய்ந்தோ படுத்தோ இருப்பது நல்லது.

யார் தவிர்க்க வேண்டும்?

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களும் இரத்தக்கசிவு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இரண்டுக்கும் போகக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மின்தூண்டல் கூடாது. கட்டுப்படாத சர்க்கரை நோய், செயற்கை இதய வால்வு, எதிர்ப்புசக்திக் குறைவு உள்ளவர்களுக்குக் காதில் நாள்கணக்கில் ஊசி பதித்து வைப்பது வேண்டாம். காது குத்திய இடத்தில் தழும்பு உருண்டையாக வளர்ந்த அனுபவம் உள்ளவர்கள் காது ஊசியையே தவிர்க்கலாம், விதை போதும். கர்ப்பிணிகளுக்குக் காதில் கருப்பைப் புள்ளியையும் உடலில் 'பெருங்குடல் 4', 'மண்ணீரல் 6' ஆகியவற்றையும் தொடாமல் விடுவது மரபு.

நமக்குக் குழந்தையிலேயே காது குத்துகிறோமே, அதுவும் அக்குபங்சர்தானா? தோப்புக்கரணம்?

காது குத்துவது சடங்கும் அணிகலனும் சார்ந்தது. சோணையில் ஒரு துளை நிரந்தரமாக ஆறிவிட்ட பிறகு அங்கே தூண்டல் என்று எதுவும் நிகழ்வதில்லை. தோப்புக்கரணத்தில் சோணையைப் பிடிப்பதால் மூளைப் புள்ளிகள் தூண்டப்படுகின்றன என்ற விளக்கம் காது வரைபடம் பரவிய பிறகு சேர்க்கப்பட்டது. உட்கார்ந்து எழுவது நல்ல உடற்பயிற்சி என்பதற்கு அந்த விளக்கம் தேவையே இல்லை. ஒற்றைத் தலைவலிக்காகக் காதுத் துளைக்கு மேலுள்ள குருத்தெலும்பு மடிப்பில் வளையம் போட்டுக்கொள்ளும் 'டெய்த்' என்ற நாகரிகமும் இப்போது வந்திருக்கிறது. தொற்று அபாயம் உறுதி, பலன் உறுதியில்லை.

தமிழ்நாட்டில் பல இடங்களில் ஊசியே இல்லாமல் ஒரே புள்ளியில் தொட்டு அனுப்புகிறார்களே?

அது நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொடும் 'தொடுசிகிச்சை'. உடல் அக்குபங்சரின் தத்துவத்தைப் பின்பற்றினாலும், மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அந்த முறையைச் சோதித்தவை அல்ல. அவற்றின் முடிவுகளைத் தொடுசிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. தொடுசிகிச்சையில் ஊசியால் வரும் ஆபத்து இல்லை. இருக்கும் பெரிய ஆபத்து, இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் அறிவுரை. அப்படிச் சொல்பவரிடமிருந்து, அவர் எந்த முறைக்காரராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தியாவுக்கு அக்குபங்சரைக் கொண்டுவந்த முன்னோடி, 1938-இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸோடு இருந்த டாக்டர் பிஜோய் குமார் பாசு. 1958-இல் மீண்டும் சீனா சென்று கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. பயிற்சியின் தரம் மட்டும் இன்னும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எங்கே படித்தார், எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

முடிவாக, நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

நெடுநாள் முதுகு வலி, முழங்கால் தேய்மானம், அடிக்கடி வரும் தலைவலி என்றால் உடல் அக்குபங்சரில் தொடங்குங்கள், ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. படுத்து ஆடை விலக்க முடியாத நிலை, அடிபட்ட இடத்தையே தொட முடியாத கடும் வலி, அறுவைக்கு முந்தைய பதற்றம், மருத்துவ முகாமில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருவருக்கு ஒதுக்க முடியாத சூழல் ஆகியவற்றில் காது முறை கைகொடுக்கும். கைகால் வீக்கத்தாலோ தோல் நோயாலோ ஊசி போட இடமில்லாதவர்களுக்கும் காது ஒரு வழி.

இரண்டையும் ஒரே அமர்வில் செய்யலாமா?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். உடலில் ஊசி போட்டு இருபது முப்பது நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, அதன் பலன் அடுத்த அமர்வு வரை நீடிக்கக் காதில் விதை ஒட்டி அனுப்புவது நடைமுறையில் நன்றாகப் பொருந்தும் இணைப்பு. முதல் முறை வருபவருக்கு மட்டும் ஏதாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது பயன் தந்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு பிரித்தறிய முடியாது.

எத்தனை அமர்வுக்குப் பிறகு முடிவு செய்யலாம்?

உடல் முறைக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு என ஆறு முதல் பத்து அமர்வு பொதுவான அளவு. காது முறையில் வலி குறைவதானால் முதல் சில அமர்வுகளிலேயே ஏதாவது தெரியும், சிலருக்கு ஊசி காதில் இருக்கும்போதே. தொடங்கும் நாளில் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண்ணையும், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகும் அந்தத் தாளில் எதுவும் மாறவில்லை என்றால் புள்ளிகளை மாற்றச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகும் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் எழுப்பும் வலி, காலில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவை இருந்தால் எந்த அமர்வையும் எண்ணிக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.